விமர்சகர்கள் ஒதுக்கியதை மாணவர்கள் தூக்கி நிறுத்தினார்களா? பதின்பருவ இசை நாடகங்கள் குறித்த விவாத இழை

கடைசிவரிசை (இழையைத் தொடங்கியவர்)

'பி மோர் சில்' என்ற இசை நாடகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: பெரிய நாளிதழ்களின் விமர்சகர்கள் அதை ஒதுக்கினார்கள், பள்ளிப் பிள்ளைகள் இணையத்தில் அதற்கு உயிர் கொடுத்தார்கள், முடிவில் விமர்சகர்கள் தோற்றார்கள். இதில் முதல் இரண்டு பகுதிகளை ஏற்கிறேன். மூன்றாவதில்தான் எனக்குச் சிக்கல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட் விஸினி 2004இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ஜோ ஐகானிஸ் பாடல்களையும் ஜோ டிராஸ் வசனத்தையும் எழுத, 2015ஆம் ஆண்டுக் கோடையில் நியூஜெர்சி மாநிலத்தின் ரெட் பேங்க் ஊரிலுள்ள டூ ரிவர் தியேட்டரில் இது அரங்கேறியது. நியூயார்க் டைம்ஸில் சார்லஸ் இஷர்வுட் எழுதிய விமர்சனம் சாதகமாக இல்லை. சில வாரங்களில் நாடகம் முடிந்தது; நியூயார்க்குக்கு உடனே கொண்டுபோக யாரும் முன்வரவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் பாடல்களின் ஒலிப்பதிவு மட்டும் வெளியாயிற்று. பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அந்த ஒலிப்பதிவை 2017இல் பதின்பருவத்தினர் கண்டெடுத்தார்கள். பத்துக் கோடி முறைக்கு மேல் அது கேட்கப்பட்டது. டம்ப்ளர் என்ற சமூக வலைத்தளத்தில் அவ்வாண்டு அதிகம் பேசப்பட்ட இசை நாடகங்களில் 'ஹாமில்டன்' ஒன்றுதான் இதற்கு முன்னால் நின்றது. அந்த ஆதரவின் பலத்தில் 2018இல், நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளின் தொகுதியான பிராட்வேக்கு வெளியே, அந்நகரிலேயே ஒரு குறுகிய காலத் தயாரிப்பும், 2019 மார்ச் 10 அன்று லைசியம் தியேட்டரில் பிராட்வே அரங்கேற்றமும் கைகூடின. ஆனால் 177 காட்சிகளுக்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, போட்ட முதல் திரும்பாமலே அது நிறுத்தப்பட்டது.

பத்துக் கோடி முறை கேட்கப்பட்ட ஒன்று, ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கில் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. எனவே யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்பதைவிட, இரு தரப்பும் ஒரே பொருளைத்தான் மதிப்பிட்டார்களா என்று கேட்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஒத்திகையறை

ஒரே பொருள் அல்ல என்பதே என் கருத்து. மாணவர்களை வைத்து நாடகம் இயக்குகிறவன் என்ற முறையில் இதை ஓரளவு அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 2017இல் இந்நாடகத்தைக் கொண்டாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை மேடையில் பார்த்ததே இல்லை. அவர்களிடம் இருந்தது ஒலிப்பதிவு மட்டுமே. நாயகன் ஜெரமியின் நண்பன் மைக்கேல் எப்படி இருப்பான், மாத்திரை வடிவில் விழுங்கப்பட்டு ஜெரமியின் தலைக்குள் உட்கார்ந்து கட்டளையிடும் அந்தக் கணினி எந்த உருவத்தில் தோன்றும் என்பதையெல்லாம் அவர்களே வரைந்துகொண்டார்கள். வரைந்த படங்களைப் பாடலோடு இணைத்துக் காணொளிகளாக வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான அறைகளில் ஆயிரக்கணக்கான நாடகங்கள் நடந்தன என்றே சொல்லலாம். அவற்றுள் எதையும் எந்த விமர்சகரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

இரண்டாம் பகுதியில் வரும் குளியலறைப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீன் விருந்து நடக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக உடனிருந்த நண்பன் ஜெரமி இப்போது மைக்கேலைப் பொருட்படுத்துவதில்லை. தலைக்குள் இருக்கும் கணினி, மைக்கேலை ஜெரமியின் கண்ணுக்கே தெரியாதபடி முன்பு மறைத்தும் விட்டது. மைக்கேல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறான். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஜார்ஜ் சலாசர் மூன்று தயாரிப்புகளிலும் இதைப் பாடினார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் அறையில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளையின் நிலையும், அந்தப் பாத்திரத்தின் நிலையும் ஒன்றே. மேடையில் அதே பாடல் ஒரு நல்ல நடிகர் கைதட்டல் பெறும் தனிப்பாடலாகிவிடுகிறது. லைசியத்தில் அவர் வாயெடுப்பதற்கு முன்பே கூச்சல் எழுந்தது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தனிமையைப் பற்றிய பாடலுக்கு அது பொருத்தமான வரவேற்புதானா என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆனால் அது வேறு இழைக்குரிய விஷயம்.

எதிர்க்குரல்

நீங்கள் இருவரும் விமர்சகர்களை மிக எளிதாக விட்டுவிடுகிறீர்கள். நடுவயதைக் கடந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒன்றைப் பார்த்துவிட்டுக் குழந்தைத்தனம் என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கானது பிள்ளைகள் போலத்தானே இருக்கும்? பதின்பருவத்துப் பெண்கள் கூட்டமாக விரும்பும் எதுவும் மட்டமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது நெடுங்காலப் பழக்கம்.

கடைசிவரிசை

எதிர்க்குரல் அவர்களே, பதின்பெண்களின் ரசனை பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் பொதுவாக உண்மைதான். ஆனால் இந்த வழக்கில் அது பொருந்தவில்லை. 'பி மோர் சில்'லை 2015இல் ஏற்காத அதே இஷர்வுட்தான், 2006 டிசம்பரில் பிராட்வேக்கு வந்த 'ஸ்பிரிங் அவேக்கனிங்' நாடகத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடி எழுதினார். அதுவும் பதின்பருவத்தினரைப் பற்றியதே; அதன் ரசிகர்களிலும் மாணவர்கள் ஏராளம். ஃபிராங்க் வெடெகிண்ட் 1891இல் வெளியிட்ட ஜெர்மானிய நாடகத்தை எடுத்துக்கொண்டு, பழங்காலப் பள்ளிச் சீருடை அணிந்த பையன்கள் சட்டைக்குள்ளிருந்து கைமைக்கை உருவி ராக் பாட்டுப் பாடுவதாக அதை மாற்றினார்கள். அமெரிக்க நாடகத் துறையின் முதன்மை விருதுகளான டோனி விருதுகளில், 2007ஆம் ஆண்டு சிறந்த இசை நாடகம் உட்பட எட்டு அதற்குக் கிடைத்தன. பதின்பருவம் என்ற பொருளே விமர்சகர்களுக்கு ஒவ்வாது என்றால் இது நடந்திருக்காது.

இன்னொன்று. 2019இல் நியூயார்க் டைம்ஸுக்காக எழுதிய பென் பிரான்ட்லியும் 'பி மோர் சில்'லை விரும்பவில்லை. ஆனால் அவருடைய விமர்சனத்தில் ஒரு சுவையான முரண் இருந்தது. அப்போது பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்கூட நாடகங்களுக்குள், தான் காட்டும் பிள்ளைகளே உருவாக்கியது போலத் தோன்றுவது இது ஒன்றுதான் என்ற பொருள்பட அவர் எழுதினார். அவர் அதைக் குறையாகச் சொன்னார். ரசிகர்களோ அதே காரணத்துக்காகத்தான் அதை நேசித்தார்கள். விமர்சகர் தவறாகப் பார்த்தார் என்று நான் சொல்லமாட்டேன்; மிகச் சரியாகப் பார்த்துவிட்டுத்தான் அதை எதிர்த்திசையில் மதிப்பிட்டார்.

மூன்றாம்மணி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். பதின்பருவ நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர் பதின்பருவத்தவர் அல்லர், பெற்றோர். விமர்சகரும் பெற்றோரின் வயதில் இருப்பவரே. எனவே, மேடையில் அந்தப் பெரியவருக்கு என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்பதே விமர்சனத்தையும் வசூலையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது.

'டியர் ஈவன் ஹான்சன்' நாடகத்தைப் பாருங்கள். இரண்டு நாடகங்களும் 2015ஆம் ஆண்டுக் கோடையிலேயே நியூயார்க்குக்கு வெளியே தொடங்கின. அது வாஷிங்டனில், இது நியூஜெர்சியில். இரண்டின் நாயகர்களும் பதற்றத்தால் பேச்சுத் தடுமாறும், யாராலும் கவனிக்கப்படாத மாணவர்கள். பிராட்வேயில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முதல் போடப்பட்டது. 95 லட்சம் டாலர் அளவில். ஒன்று ஓராண்டுக்குள் முதலை மீட்டு, 2017இல் ஆறு டோனி விருதுகளைப் பெற்று, 2022 செப்டம்பர் வரை ஓடியது. மற்றது ஒரு கோடைக்காலத்தைத் தாண்டவில்லை. ஈவனின் தோழனாக நடித்த வில் ரோலண்டே பின்னர் 'பி மோர் சில்'லில் ஜெரமியாக நடித்தார் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

வேறுபாடு எங்கே? 'டியர் ஈவன் ஹான்சன்' நாடகத்தின் முதல் பாடலைப் பாடுவது ஈவன் அல்லன், இரண்டு தாய்மார்கள். தங்கள் மகன்களை எப்படி அணுகுவது என்று தெரியாமல் காலை நேரத்தில் தடுமாறும் இருவர். இறுதிக்கு அருகில் ஈவனின் தாய் ஹைடி பாடும் இன்னொரு பாடல் உண்டு. கணவர் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போன நாளில், சின்னஞ்சிறு ஈவன் அந்த லாரியைக் கண்டு முதலில் குதூகலிக்கிறான். இரவில் படுக்கவைக்கும்போது, அம்மாவை ஏற்றிப்போக இன்னொரு லாரி வருமா என்று கேட்கிறான். ரேச்சல் பே ஜோன்ஸ் அந்த வேடத்துக்காக டோனி விருது பெற்றார். மகளை அழைத்து வந்த தாய், மகளை விட அதிகமாக அழுவது அந்த இடத்தில்தான்.

'பி மோர் சில்'லில் ஜெரமியின் தந்தையும் மனைவியால் கைவிடப்பட்டவரே. ஆனால் அவருடைய துயரம், வீட்டுக்குள் கால்சட்டை அணியாமல் திரிகிறார் என்ற நகைச்சுவையாக மட்டுமே மேடைக்கு வருகிறது. முடிவில் மகனுக்கு உதவும்படி மைக்கேலிடம் கேட்டுப் பாடுகிறார், கால்சட்டையையும் மாட்டிக்கொள்கிறார், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான சிக்கல் ஏறத்தாழ அத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கலாம். சீட்டு வாங்கிக்கொடுத்தவருக்கு அங்கே உட்கார இடமில்லை.

எதிர்க்குரல்

மூன்றாம்மணி அவர்களே, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கோட்பாடு 'ஸ்பிரிங் அவேக்கனிங்' முன்னால் நிற்காது. அதில் பெற்றோர், ஆசிரியர், பாதிரியார், மருத்துவர் என்று பெரியவர்கள் அனைவரையும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டே நடிகர்கள் ஏற்கிறார்கள். 'பி மோர் சில்'லிலும் தந்தையையும் நாடக ஆசிரியரையும் ஒரே நடிகர்தான் ஏற்கிறார். இரண்டு நாடகங்களும் பெரியவர்களை முகமற்ற ஒரே கும்பலாகத்தான் காட்டுகின்றன. அப்படியானால் ஒன்றுக்கு எட்டு டோனி விருதுகளும், மற்றதற்கு ஒரே ஒரு பரிந்துரையும் எப்படி?

நீங்கள் விமர்சனத்தையும் வசூலையும் ஒரே கயிற்றில் கட்டுவதும் சரியில்லை. 'ஸ்பிரிங் அவேக்கனிங்' 2009இல் லண்டனுக்குப் போனது. அங்குள்ள விமர்சகர்களும் நன்றாகவே எழுதினார்கள். இருந்தும் நாவெல்லோ தியேட்டருக்கு மாறிய பின் கூட்டம் வராமல், மே மாத இறுதியிலேயே அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு சிறந்த புதிய இசை நாடகத்துக்கான ஒலிவியர் விருது (லண்டன் நாடகங்களுக்குத் தரப்படுவது) அதற்குக் கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள், நாடகம்தான் இல்லை.

மூன்றாம்மணி

லண்டன் செய்தியை மறுக்க முடியாது. நல்ல விமர்சனம் மட்டும் அரங்கை நிரப்பாது. ஆனால் பெரியவர்களைப் பற்றிய உங்கள் ஒப்பீட்டில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 'ஸ்பிரிங் அவேக்கனிங்' நாடகத்தில் வெண்ட்லா தன் தாயிடம், குழந்தை எப்படிப் பிறக்கிறது என்று நேராகக் கேட்கிறாள். தாய் நாணத்தால் மழுப்பிவிடுகிறாள். அந்த மழுப்பலின் விலையாகப் பின்னர் வெண்ட்லா உயிரையே இழக்கிறாள். எத்தனை வேடங்களை ஒரே நடிகை ஏற்றாலும், அந்த ஒரு காட்சி அரங்கிலுள்ள ஒவ்வொரு பெற்றோரையும் பார்த்துக் கேள்வி கேட்கிறது. அதோடு, கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நடப்பதால், பார்ப்பவர் அந்தப் பெற்றோரைத் தானாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. கவலையின்றிப் பிள்ளைகளின் பக்கம் சேர்ந்துகொள்ளலாம். நல்லவராக உணரவைக்கும் நாடகத்துக்கு நல்ல விமர்சனம் கிடைப்பது வியப்பில்லை. இதைச் சற்றே ஏளனமாகத்தான் சொல்கிறேன், என்றாலும் எனக்கு மிகவும் பிடித்த நாடகம் அது.

அரைத்திரை

'டியர் ஈவன் ஹான்சன்' பற்றிய மதிப்பீடு பின்னர் எப்படித் திரும்பியது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். அதன் கதைக்கரு எளிதில் விழுங்கக்கூடியது அன்று. ஒரு மாணவன் தற்கொலை செய்துகொள்கிறான். அவனுடைய சட்டைப்பையில் இருந்த கடிதத்தை வைத்து, ஈவன்தான் அவனுடைய ஒரே நண்பன் என்று அவனுடைய குடும்பம் தவறாக எண்ணுகிறது. ஈவன் அதைத் திருத்தாமல், பொய் மின்னஞ்சல்களை உருவாக்கி, அந்தக் குடும்பத்தின் அன்பையும் இறந்தவனின் தங்கையுடைய காதலையும் பெறுகிறான். இது உறுத்தலாக இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஈவனாக நடித்த பென் பிளாட்டின் நடிப்பைப் புகழ்ந்த குரல்களுக்கிடையே அவர்களுடைய குரல் எடுபடவில்லை.

2021இல் திரைப்படம் வந்தபோது பெரும்பாலான விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இருபத்தேழு வயதில் பள்ளி மாணவனாக நடித்த பிளாட்டின் தோற்றத்தைத்தான் எல்லாரும் கேலி செய்தார்கள். மேடையின் தூரத்தில் மறைந்த வயது, கேமராவின் அண்மையில் மறையவில்லை என்பது உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். மூன்றாம்மணி குறிப்பிட்ட தாய்மார்களின் தொடக்கப் பாடலைப் படத்தில் எடுத்துவிட்டார்கள். இறந்தவனின் தந்தை ஈவனுக்கு பேஸ்பால் கையுறையைப் பதப்படுத்தக் கற்றுக்கொடுக்கும் பாடலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைடியும், ஈவனோடு பள்ளியில் படிக்கும் இருவரும் ஈவனை நேருக்கு நேர் நிறுத்திக் கோபத்தோடு கேட்கும் பாடலும் வெட்டப்பட்டது. ஈவன் செய்ததைத் தவறென்று மேடை உரக்கச் சொன்ன இடம் அது. அதை நீக்கியதும், அதுவரை அடங்கியிருந்த உறுத்தல் முழுவதும் பார்வையாளர் தலையில் விழுந்தது. 2016இல் சொல்லப்பட்டபோது செவிசாய்க்கப்படாத விமர்சனம், 2021இல் பொதுக் கருத்தாகிவிட்டது.

முதலில் புகழ்ந்தவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் கருதவில்லை. மேடையில் இருந்த சமநிலை படத்தில் இல்லை, அவ்வளவே. கடைசிவரிசை கேட்ட கேள்வி இங்கும் பொருந்துகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒத்திகையறை

பார்வையாளர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோமே, அவர்களே ஒரே அரங்குக்குள் பிளவுபட்ட வரலாறும் இருக்கிறது. 1988இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, ஸ்டீபன் கிங்கின் நாவலைக் கொண்டு 'கேரி' என்ற இசை நாடகத்தை இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் தொடங்கி பிராட்வேக்கு அனுப்பியது. பள்ளியில் கொடுமைப்படுத்தப்படும் ஒரு பெண்ணின் கதை. முன்காட்சிகள் 16, அரங்கேற்றத்துக்குப் பின் 5 காட்சிகள். எழுபது லட்சம் டாலருக்கு மேல் நட்டம். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஃபிராங்க் ரிச் அதற்கு இரக்கம் காட்டவில்லை. ஆனால் அரங்கில் நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்வது விசித்திரமானது: நாடகம் முடிந்ததும் கேலிக் கூச்சல் எழும், மகளாகவும் தாயாகவும் நடித்த லின்சி ஹேட்லியும் பெட்டி பக்லியும் வணங்க எழுந்ததும் அதே அரங்கு எழுந்து நின்று ஆரவாரிக்கும்.

அதற்கு அதிகாரபூர்வமான ஒலிப்பதிவு வெளியாகவில்லை. திருட்டுத்தனமாகப் பதிவான ஒலிநாடாக்கள் கைமாறிக் கைமாறி ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் அதைக் காப்பாற்றின. 2012இல் திருத்தி எழுதப்பட்ட வடிவம் நியூயார்க்கில் மீண்டும் மேடையேறியது. 'பி மோர் சில்'லுக்கு நடந்ததை இணையத்தின் அதிசயம் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இணையம் அதைக் கால் நூற்றாண்டிலிருந்து இரண்டாண்டாகச் சுருக்கியது.

எதிர்க்குரல் அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று: 1972இல் வந்த 'கிரீஸ்' ஏழு டோனி பரிந்துரைகளைப் பெற்று ஒரு விருதும் இல்லாமல் திரும்பியது. பிறகு 3,388 காட்சிகள் ஓடி, அன்றைய பிராட்வே வரலாற்றிலேயே நீண்ட நாள் ஓடிய நாடகமாயிற்று. ஆனால் அதைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பகுதியினர், ஐம்பதுகளில் தாங்கள் பள்ளியில் படித்ததை நினைத்து ஏங்கிய பெரியவர்கள். மூன்றாம்மணி அவர்கள் இதைத் தம் பக்கச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்க்குரல்

ஆறுதலைக் கொடுத்துவிட்டு அடுத்த வரியிலேயே பிடுங்கிக்கொண்டீர்கள். பெரியவர்களின் பணப்பை இல்லாமல் பிராட்வே இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் பிராட்வே ஓட்டத்தை 'பி மோர் சில்'லின் தேர்வுக்களமாக வைப்பதே நியாயமற்றது. பிராட்வேக்கு வருமுன்பே பள்ளிகளும் பயில்முறைக் குழுக்களும் உரிமம் பெற்று அதை நடத்தத் தொடங்கிவிட்டன. பிரான்ட்லி குறையாகச் சொன்ன, பிள்ளைகளே செய்தது போன்ற அந்தத் தன்மை, பள்ளி மேடையில் குறையாகவே தெரியாது.

கடைசிவரிசை

இதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. என் முதல் பதிவில் கேட்டதற்கு ஒத்திகையறையின் மறுமொழியைவிட இதுவே நெருக்கமான விடை என்றும் சொல்வேன். ஒலிப்பதிவை மதிப்பிட்டவர்கள், பிராட்வே மாலைப்பொழுதை மதிப்பிட்டவர்கள், பள்ளி மேடையில் தாங்களே நடித்து மதிப்பிட்டவர்கள் என்று மூன்று தரப்பாகிவிட்டது.

புதுவரவு

இழையை முழுவதும் படித்தேன். இந்நாடகத்தை நான் கேட்டதில்லை. எந்த ஒலிப்பதிவில் தொடங்குவது?

ஒத்திகையறை

2015ஆம் ஆண்டுப் பதிவில் தொடங்குங்கள். மாணவர்கள் கண்டெடுத்தது அதைத்தான். அதில் ஜெரமியாகப் பாடுபவர் வில் கானலி. 2019ஆம் ஆண்டு பிராட்வே பதிவில் வாத்தியங்கள் கூடுதல், பளபளப்பும் கூடுதல். ஆனால் முதல் பகுதியின் முடிவில் ஜெரமி தன்னைக் கணினியிடம் முழுதாக ஒப்படைக்கும் தனிப்பாடல் 2018இல்தான் சேர்க்கப்பட்டது. அது பழைய பதிவில் கிடையாது. அவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்பது அந்தப் பாடல் இல்லாமல் தெளிவாகாது. ஆகவே முதல் பகுதி முடிந்ததும் நிறுத்திவிட்டு, புதிய பதிவிலிருந்து அதை ஒருமுறை கேட்டுவிட்டு, குளியலறைப் பாடலுக்குப் போங்கள்.